வெட்டினால் வாழும் கள்ளி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல் மாணவன்)

பனங்காட்டில் பிறந்தவனுக்குக் குருத்து என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் ஊர் சாயல்குடிப் பக்கம். என் தந்தையார் பனையேறுபவர். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே அவரிடம் நான் படித்த முதற்பாடம், பனைக்கு ஓர் உயிர்தான் உண்டு, அது உச்சியிலே குருத்தில் இருக்கிறது என்பது. மட்டையை வெட்டலாம், பாளையைச் சீவலாம், தூரில் காயம் பட்டாலும் மரம் தாங்கும். குருத்தை வண்டு தின்றுவிட்டால் மட்டும் மரம் மொட்டையாக நின்று பட்டுப்போகும். எங்கோ ஆயிரத்தில் ஒரு பனை குருத்தில் அடிபட்டும் சாகாமல், பக்கத்திலிருந்து வேறு குருத்துகளை விட்டு, இரண்டு தலையும் மூன்று தலையுமாக எழுந்து நிற்கும். கிளைப்பனை என்று அதை வேடிக்கை பார்க்க மக்கள் போவார்கள்.

முதலாண்டு வகுப்பில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் தண்டு நுனியின் படத்தை வரைந்து, ‘இங்குள்ள செல்கள்தாம் ஓயாமல் பிரிந்து செடி முழுவதையும் உண்டாக்குகின்றன, இதற்கு நுனி ஆக்குத்திசு என்று பெயர்’ என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் குருத்து! அந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம், ‘நீங்க ஏறுற மரத்தோட உயிர் இருக்கிற இடத்துக்குப் பாடப்புத்தகத்துல ஒரு பேர் இருக்குப்பா’ என்றேன். ‘பேரு இருந்துட்டுப் போகட்டும் தம்பி, தொடாம இருந்தாச் சரி’ என்றார்.

நான் எழுத வந்தது பனையைப் பற்றியன்று, கள்ளியைப் பற்றி. ஆனால் குருத்தைப் பற்றி இவ்வளவு சொல்லாமல் அந்தக் கதையைத் தொடங்க இயலாது.

எல்லாச் செடியிலும் குருத்து ஒரு புள்ளி. அப்புள்ளி மேலே நகர நகரத் தண்டு உருண்டையாக நீளுகிறது. எப்போதாவது அந்தப் புள்ளி பக்கவாட்டில் இழுபட்டு ஒரு கோடாக மாறிவிடுகிறது. அப்போது தண்டு உருண்டையாக வளர முடியாது. விசிறியைப் போல, சேவற்கொண்டையைப் போலப் பரந்து, இடம் போதாமல் மடிந்து மடிந்து, பாம்பு படமெடுத்தாற்போல் நிற்கும். இதைத்தான் கொண்டைக்கள்ளி என்கிறார்கள். காரணம் பல: நுனியில் பட்ட காயம், கடுங்குளிர், சில செடிகளில் ஒருவகைப் பாக்டீரியா, சிலவற்றில் மரபணு மாற்றம். அரிசோனாப் பாலைவனத்தில் நிற்கும் பெருங்கள்ளி மரங்களில் பல்லாயிரத்தில் ஒன்று இப்படிக் கொண்டை போடுகிறதாம். அதைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாலை கட்டும் கடையில் கிடைக்கும் கோழிக்கொண்டைப் பூவும் இதே கோளாறுதான். ஒரு வேறுபாடு உண்டு. கோழிக்கொண்டை விதையிலேயே அந்தக் குணத்தைக் கொண்டுபோய் விடும். கொண்டைக்கள்ளி அப்படியன்று. விதையை நம்பினால் பெரும்பாலும் சாதாரணக் கள்ளிதான் முளைக்கும். அந்த உடலையே வெட்டி வைத்தால்தான் அந்த உருவம் வாழும். இந்த ஒரு செய்திக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பல தலைக் கள்ளி என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நேராக வளரும் கள்ளியின் தலையைச் சீவிவிட்டால், அதுவரை உச்சிக் குருத்துக்கு அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் விழித்துக்கொண்டு, ஒன்றுக்கு நான்காகத் தலை காட்டும். இதைக் கத்தி பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம். கொண்டையை நாம் செய்ய முடியாது. அது தானாக வர வேண்டும். வந்ததைக் காக்கத்தான் நம்மால் முடியும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் முள்ளும் சதையுமாக நிற்கும் எதற்கும் கள்ளி என்றே பெயர். ஆனால் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை கிள்ளினால் பால் வடியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மண்டபம், தங்கச்சிமடம் மணல்மேடுகளில் மண்டிக் கிடக்கிறதே சப்பாத்திக்கள்ளி, அதில் பால் வராது. அதுதான் உண்மையான கேக்டஸ். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. (அதன் சிவப்புப் பழத்தை மண்ணில் புரட்டிச் சுணை போக்கி, நடுவிலுள்ள நட்சத்திர முள்ளை எடுத்தெறிந்துவிட்டுத் தின்று, வாய் சிவந்து வீட்டுக்குப் போய் அடி வாங்காதவர் எங்கள் பக்கத்தில் உண்டா?) கொலம்பஸ் கடல் கடந்தது 1492இல். ஆகவே சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வரும் கள்ளி, சப்பாத்திக்கள்ளியாக இருக்க வழியில்லை. அது பால் வடியும் நம் கள்ளியே. 1753இல் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் லத்தீன் பெயர் சூட்டியபோது ஒரு கள்ளிக்கு ‘யூஃபோர்பியா திருக்கள்ளி’ என்றே பெயர் வைத்தார். மலபாரில் டச்சுக்காரர் தொகுத்த நூலிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தச் செடி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, பெயர் மட்டும் நம்முடையது! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். லத்தீன் பெயர்ப் பட்டியலைக் கண்டு மிரண்டுகொண்டிருந்த எனக்கு, அந்தப் பட்டியலில் எங்கள் வேலிச்செடி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் வந்த தைரியம் கொஞ்சமன்று.

இனி எங்கள் ஊர்க் கதை.

ஊருணிக் கரையில் ஒரு பழைய சதுரக்கள்ளி நின்றது. (பெயர்தான் சதுரம், எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று பட்டைதான்.) அதில் ஒரு கிளை மட்டும் கொண்டை போட்டு, இரண்டு கை அகலத்துக்குப் படம் விரித்திருந்தது. ஊரார் அதற்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, நாகம்மாள் என்று வணங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் அப்பத்தாதான் விளக்குப் போடும். சுற்றிலும் இருந்த கள்ளி வேலிகளெல்லாம் சீமைக்கருவேலம் வந்தபின் காணாமற் போயின. அந்த ஒன்று மட்டும் தப்பியதற்குக் காரணம் அது சாமி என்பதுதான். நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வனத்துறை செய்யாத காவலை ஒரு முழச் சிவப்புத் துணி செய்திருக்கிறது.

ஆயினும் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் அச்சம் பிடித்தது. உலகத்தில் இந்த உடல் ஒன்றே ஒன்று. ஓர் ஆடு, ஒரு புயல், ஒரு வேர் அழுகல் போதும்; அத்துடன் முடிந்தது. ஒரு துண்டு வெட்டித் தொட்டியில் வைக்கலாமே என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவர், ‘சாமி மேல கத்தி வைக்கவா காலேஜுல படிக்கப் போன?’ என்று கேட்டார். மற்றவர்கள் பேசாமலிருந்தார்கள். பேசாமலிருந்தது அதைவிடக் கடுமையாக இருந்தது. கடைசியில் அப்பத்தாதான், ‘புள்ள படிக்கத்தான கேக்குறான். சாமிகிட்டக் கேட்டுட்டு எடுக்கட்டும்’ என்றது. கற்பூரம் காட்டிவிட்டு, ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்தேன்.

அது அழுகிப்போனது.

எடுத்தது ஐப்பசி மழையில். வெட்டிய அன்றே, பால் வடிய வடிய, கடற்கரை மணலை அள்ளித் தொட்டியில் போட்டு நட்டு, தண்ணீரும் ஊற்றினேன். செய்யக் கூடாதவை என்று எவையெல்லாம் உண்டோ அத்தனையையும் ஒரே நாளில் செய்தேன். உப்பு மணல் ஒரு கேடு, ஈரக்காலம் ஒரு கேடு, காயாத காயம் எல்லாவற்றிலும் பெரிய கேடு. பத்தாம் நாள் தொட்டால் கொழகொழவென்றிருந்தது. இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ‘எப்படி இருக்கு?’ என்று அப்பத்தா கேட்டபோது ‘நல்லா இருக்கு’ என்று பொய் சொன்னேன். இந்த மலரில்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற துணிச்சலில்.

அந்தக் காலத்தில் செய்முறை ஏட்டில் நான் ஒட்டுக்கட்டும் முறையைப் படமாக வரைந்து, அம்புக்குறி இட்டு, பாகங்களைக் குறித்திருந்தேன். படத்துக்கு முழு மதிப்பெண். கையால் ஒரு செடியையாவது ஒட்டியிருந்தேனா? இல்லை. என் வகுப்பில் யாருமே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாற்பது பேருக்குச் செடிக்கும் கத்திக்கும் தொட்டிக்கும் எங்கே போவது என்று பேராசிரியர் கேட்கலாம். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அடுத்த பங்குனியில் மீண்டும் அப்பத்தாவிடம் போய் நின்றேன். இந்த முறை அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பதநீர்க் காலம் அது. பனையேறிக்குப் பாளை அரிவாளின் கூர்தான் சோறு. நாளுக்கு இருமுறை பாளையின் நுனியை வெற்றிலைக் கனத்துக்கும் மெலிதாகச் சீவ வேண்டும். கூர் மழுங்கினால் பாளை நசுங்கும். நசுங்கினால் பதநீர் வராது. அப்பா கொண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘அறுக்கக் கூடாது தம்பி. சீவணும். ஒரே இழுப்பு’ என்றார். அவர் இழுத்த இழுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விசிறித் துண்டு கையில் வந்தது. வெட்டுவாய் கண்ணாடி போலிருந்தது. நான் முன்பு சவரத் தகட்டால் எடுத்த துண்டின் வாய் படிக்கட்டாக இருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஒட்டுக்கட்டுவதில் பாதி வித்தை இந்த ஒரே இழுப்புதான். இரண்டு வெட்டுவாய்களும் இடைவெளியின்றி ஒட்டினால்தான் செல்கள் கைகோக்கும். பாடநூல் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது.

அந்தத் துண்டை ஆறாகப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் மேல் விளிம்பு, அதாவது கோடாகிப் போன அந்தக் குருத்து, கொஞ்சமாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். விளிம்பு இல்லாத துண்டு உயிரோடிருந்தாலும் கொண்டையாக வளராது. இரண்டு துண்டுகளைச் சொந்த வேரில் வளர விட்டேன். பாலைத் தண்ணீரில் கழுவி, நிழலில் பத்து நாள் வைத்தேன். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபின், ஆற்று மணலும் செங்கல் தூளும் கலந்த தொட்டியில் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை. மற்ற நான்கையும் இலைக்கள்ளியின் மேல் ஒட்டினேன். கட்டைவிரல் பருமனுள்ள இலைக்கள்ளித் தண்டின் தலையைச் சீவி, நடுவில் ஆப்பு நுழையும் அளவு பிளந்து, கொண்டைத் துண்டின் அடியை ஆப்பு போல் இருபுறமும் சீவிச் செருக வேண்டும். பால் உறைவதற்குள் வேலை முடிய வேண்டும். உறைந்தால் இடையில் சுவர் எழுந்துவிடும். சைக்கிள் ட்யூபை நாடாவாக நறுக்கிக் கட்டி, நிழலில் மூன்று வாரம். வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு நீர் படக் கூடாது.

கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. வேலை முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை முகத்தைத் தொடக் கூடாது. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான், கைவைத்தியம் வேண்டாம்.

ஒட்டியவற்றில் இரண்டு பிடித்தன. சொந்த வேரில் வைத்ததில் ஒன்று பிழைத்தது. ஆறுக்கு மூன்று. ஒட்டிய செடி ஒன்றில் சில மாதம் கழித்து, கொண்டையின் ஓரத்திலிருந்து சாதாரணத் தண்டு ஒன்று கிளம்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை விட்டுவைத்தால் வேகமாக வளர்ந்து உணவையெல்லாம் இழுத்துக்கொண்டு கொண்டையைக் கொன்றுவிடும். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளி எறிந்தேன்.

இந்த ஆண்டு வைகாசியில் நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். ஊருணியில் சீமைக்கருவேலத்தை அகற்ற இயந்திரம் வந்தது. நல்ல வேலைதான், அந்த மரத்தால் எங்கள் ஊருணி படும் பாட்டை நான் அறிவேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நானே அதை வெட்டியிருக்கிறேன். ஆனால் இயந்திரத்தை ஓட்டி வந்தவர் வெளியூர்க்காரர். விடியற்காலையில் வேலையைத் தொடங்கியிருக்கிறார். முள்ளோடு முள்ளாக அதுவும் போய்விட்டது. யாரைக் குறை சொல்வது? அப்பத்தா தொலைபேசியில், ‘சாமிய எடுத்துட்டாய்ங்கடா’ என்றது. வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் எனக்கு உயிர்வேதியியல் தேர்வு. என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

விடுமுறையில் ஒரு தொட்டியைப் பேருந்தில் மடியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். அதே கரையில் குழி தோண்டி வைத்தோம். அப்பத்தா கேட்ட கேள்வியை நான் மறக்க முடியாது: ‘இது அதுதானா, இல்ல அதோட புள்ளையா?’

விதையிலிருந்து வந்திருந்தால் பிள்ளை. வெட்டி வைத்ததால் அதுவேதான். ஒரே உடல், ஒரே உயிர் என்றேன்.

‘அப்ப சாமி ரெண்டு எடத்துல இருக்கா?’

‘மூணு எடத்துல அப்பத்தா.’

அது சிரித்தது. எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதினால் பொய்யாகும். நான் கத்தி வைத்ததால்தான் சாமி போய்விட்டது என்று நம்புகிறவர்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். நான் வெட்டிய காயம் ஆறி, இயந்திரம் வரும்போது அந்தக் கிளை நன்றாகத்தான் இருந்தது. அதை அவர்களிடம் சொன்னேன். ஏற்கவில்லை. அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமும் இல்லை. அவர்கள் காத்திராவிட்டால் வெட்டுவதற்கு எனக்கு அது கிடைத்திருக்காது.

ஆகவே என் கருத்து இது. அரியது ஒன்று இருந்தால் அதைத் தொடாமல் வைத்திருப்பது பாதிக் காவல்தான். மீதிப் பாதி, அதை வெட்டிப் பத்துப் பேருக்குக் கொடுப்பது. முதல் பாதியை ஊர் செய்தது. இரண்டாவதைச் செய்யக் கல்லூரியை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நம் கல்லூரி விழாக்களில் சிறப்பு விருந்தினர் மேசையில் சின்னச் சின்னத் தொட்டிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்து போன்ற கள்ளிகளை வைக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கியவை. 1940களில் ஜப்பானில் தோன்றிய வகை அது. மேலே இருக்கும் பந்தில் பச்சையமே கிடையாது. தனியே நட்டால் பட்டினியில் செத்துவிடும். கீழே முண்டு கொடுத்து நிற்கும் பச்சைத் தண்டு, டிராகன் பழக் கொடியின் இனம். அந்தத் தண்டுதான் மேலிருப்பதற்கும் சேர்த்துச் சோறு ஆக்குகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குப் பந்து மட்டும் தெரியும். (எங்கள் வீட்டையும் என்னையும் நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் எழுத வேண்டாம்.) விழா முடிந்ததும் யாரோ நாள்தோறும் நீரூற்றுகிறார்கள், இரண்டு மாதத்தில் அடி அழுகிக் குப்பைக்குப் போகிறது. அடுத்த விழாவுக்கு மறுபடி வாங்குகிறோம். அந்தப் பணத்தை வீண் என்று சொல்வதைவிட, அந்த ஒட்டை நாமே கட்டக் கற்றால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

பேராசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்வதாகச் சொன்னேனே, அது இதோ: செடிக்குச் செலவில்லை. ஊரிலிருந்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் வேலியிலிருந்து ஒரு முழக் கள்ளி கொண்டுவரட்டும். திருவாடானைக்காரர் ஒன்று, கமுதிக்காரர் ஒன்று, பாம்பன்காரர் ஒன்று. பின்கட்டில் கிணற்றடிக்கு எதிரே வெயில் காயும் இடம் சும்மாதான் கிடக்கிறது. எந்த ஊர், எந்தக் கரை, யார் வீட்டு வேலி என்று ஓர் ஏட்டில் பதிவு. ஒட்டுக்கட்டப் பங்குனி, சித்திரை போதும். கத்தி பிடிக்கச் சொல்லித்தர ஒரு பனையேறியை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தால் வருவார். யாரென்று கேட்க வேண்டாம்.

என் அறை நண்பன், வரலாற்று மாணவன், இதைப் படித்துவிட்டு, ‘கள்ளி சோறு போடுமாடா? குரூப் நாலுக்குப் படி’ என்றான். படிக்கிறேன். ஒட்டிய கொண்டைக்கள்ளி நாற்றங்கால்களில் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது என்பதும் உண்மை. ஆனால் விலைக்காகக் காட்டில் உள்ளதைத் தோண்டி விற்கும் கூட்டமும் உலகில் இருக்கிறது. 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வணிக உடன்படிக்கை, கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதையும், சதைப்பற்றுள்ள பால்கள்ளிகளையும் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சிறு விலக்கு. நாற்றங்காலில் வளர்த்த இலைக்கள்ளியின் மேல் ஒட்டப்பட்ட, யூஃபோர்பியா லேக்டியா என்னும் கள்ளியின் கொண்டை வகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காட்டிலிருந்து எடுத்தால் தடை, கையால் பெருக்கினால் தடையில்லை. நான் மூன்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பதை அந்த உடன்படிக்கை ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டது.

கொண்டை என்பது ஊனந்தானே, ஊனத்தை ஏன் பெருக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். விதையில்லாத வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே கேட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

உண்மையான மறுப்பு ஒன்று உண்டு. அதை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். வெட்டி வெட்டிப் பெருக்கியதெல்லாம் ஒரே உடல். ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். சப்பாத்திக்கள்ளிக் குடும்பத்தின் கதையே இதற்குச் சான்று. மெக்சிகோவில் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பானியர் கொழுத்தனர். அதைக் கண்டு சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் நீல்சன் என்ற கேப்டன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது நல்ல சாயப்பூச்சி அன்று. மட்டமான வேறோர் இனம். சாயம் தேறவில்லை. ஆனால் 1830களில் அதைத் தென்னிந்தியாவில் விட்டபோது, நாடெங்கும் மண்டியிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்துவிட்டது. பிறகு 1926இல், நம் கரையோரச் சப்பாத்திக்கள்ளியை ஒடுக்க இலங்கையிலிருந்து இன்னொரு சாயப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அதுவும் வேலையைக் காட்டியது. களையை அழித்தது நல்லதுதான். நான் சொல்ல வருவது வேறு. ஒரு மடல் ஒடிந்து விழுந்தால் அது ஒரு செடி என்று எவ்வளவு விரைவாகப் பரவினாலும், அந்தச் செடிக்கு ஏற்ற பூச்சி வந்துவிட்டால் பரவிய அத்தனையும் ஒரே பந்திதான்.

ஆகையால் கள்ளிப் பாத்தியில் கொண்டை மட்டும் இருக்கக் கூடாது. பக்கத்தில் அதே இனத்தின் சாதாரணக் கள்ளிகளும், ஊருக்கு ஒன்றாக, பூத்துக் காய்த்து விதை விட வேண்டும். கொண்டையைக் கத்தியும் மற்றதை விதையும் பார்த்துக்கொள்ளும்.

இப்போதைய நிலவரம்: ஊருணிக் கரையில் வைத்தது இரண்டு புது மடிப்பு விட்டிருக்கிறது, துணி சுற்றியாகிவிட்டது. சொந்த வேரில் வளர்வது எங்கள் வீட்டு முற்றத்தில், ஆட்டுக்கு எட்டாமல் திண்ணைமேல் இருக்கிறது. மூன்றாவது விடுதியில் என் அறை ஜன்னலில். துண்டு வேண்டுவோர் தாராளமாகக் கேட்கலாம். ஆளுக்கு மூன்று விரல் அகலம். ஆனால் மழைக்காலத்தில் கேட்காதீர்கள். பங்குனி பிறக்கட்டும், இலைக்கள்ளித் தண்டு ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.